ஒரே ‘கேட்டேன்’, மூன்று ஆங்கிலம்

‘எவ்ரிடே ஐ ஆம் ஹியரிங் சாங்ஸ் பிஃபோர் ஸ்லீப்.’

வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் மாதம், ஒரு கணக்காளர் அம்மா நோட்டில் எழுதிக் காட்டிய வாக்கியம் இது. நான் ‘ஹியரிங்’கை அடித்துவிட்டு ‘லிசன் டு’ என்று சிவப்பு மையில் மாற்றினேன். ஏன் மேடம் என்றார். ஹியர் என்றால் கேட்பது, லிசன் என்றால் கவனித்துக் கேட்பது என்றேன். பள்ளியில் எனக்குச் சொன்னதும் அதுதான். அவர் தலையாட்டினார்.

அடுத்த வாரம் இன்னொரு வாக்கியத்தோடு வந்தார். ராத்திரி வெளியே ஏதோ பெரிய சத்தம், பயந்துபோனேன் என்று சொல்ல வந்து, ‘ஐ லிசன்ட் எ பிக் சவுண்ட்’ என்று எழுதியிருந்தார். சிவப்புப் பேனாவை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன். பயந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்துத்தான் கேட்டிருப்பார். என் விளக்கத்தின்படி அவர் எழுதியது நூற்றுக்கு நூறு சரி. தப்பு என் விளக்கத்தில் இருந்தது.

அன்றைக்கு ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, நாமே எப்படிப் பேசுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நான் பாட்டு கேட்டேன். எனக்குச் சத்தம் கேட்டது. அவரிடம் வழி கேட்டேன். மூன்றிலும் வினை ஒன்றுதான். ஆனால் முதலாவதில் ‘நான்’ இருக்கிறேன், வேலையை நான் செய்கிறேன். இரண்டாவதில் நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தம் தானாக வந்து என் காதில் விழுகிறது, அதனால்தான் ‘எனக்கு’. மூன்றாவதில் ‘அவரிடம்’. நான் கேட்டேன் என்றால் லிசன், எனக்குக் கேட்டது என்றால் ஹியர், அவரிடம் கேட்டேன் என்றால் ஆஸ்க். ஆங்கிலம் மூன்று சொல் வைத்துப் பிரிப்பதை நாம் ‘கு’, ‘இடம்’ என்று உருபை வைத்துப் பிரித்துவிடுகிறோம். வித்தியாசம் நம்மிடம் இல்லாமல் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. நான்தான் அதைச் சொல்லுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இந்த மூன்று வாக்கியத்தையும் பலகையில் எழுதினேன். அந்த அம்மா பார்த்துவிட்டு, ‘அப்போ சத்தம் எனக்குத்தானே மேடம் கேட்டது, நான் கேட்கவில்லையே’ என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் ஹியரையும் லிசனையும் மாற்றி எழுதி நான் பார்க்கவில்லை.

இதைக் கண்டுபிடித்த பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ‘ஐ ஹெர்ட் ஹிஸ் ஸ்பீச்’ என்று படித்தேனே, பேச்சை நாமாகப் போய் உட்கார்ந்துதானே கேட்போம், அதற்கு ஏன் ஹியர் என்று இன்னொருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஆசிரியர் இப்படிச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று முன்பெல்லாம் பயப்படுவேன். அதற்காக அப்போதைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி, பின்னால் அதைக் காப்பாற்ற இன்னும் மூன்று பொய் விதி சொன்ன நாளும் உண்டு. அந்தக் கேள்விக்கு மறுநாள் சொன்ன பதில் இது: லிசன் என்பது காதைக் கொடுக்கிற வேலை, ஹியர் என்பது காதில் வந்து சேர்ந்த விளைவு. பேச்சு முழுவதும் வந்து சேர்ந்துவிட்டதால் ஹெர்ட். அப்படியே ஒரு கொசுறும் கிடைத்தது. லிசனுக்குப் பின்னால் வரும் ‘டு’வை எல்லோரும் மறப்பார்கள். ‘அவர் பேச்சுக்குக் காது கொடு’ என்கிறோமே, அந்தக் ‘கு’தான் அங்கே ‘டு’ என்றால் ஒட்டிக்கொள்கிறது.

இதே கண்ணோடு மற்றவற்றையும் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு ரொம்ப நாள் தலைவலியாக இருந்தது, ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘எ’யும் ‘த’வும். குறிப்பிட்ட பொருள், குறிப்பிடாத பொருள் என்று எத்தனை தடவை சொன்னாலும் தூக்கக் கலக்கத்தோடுதான் பார்ப்பார்கள். தமிழில் இது கிடையாது, அதனால்தான் கஷ்டம் என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கிடையாதா? ‘புத்தகம் வாங்கினேன்’ என்று ஒருவர் சொன்னால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்று சொன்னால், எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ‘எந்தப் புத்தகத்தை?’ என்று உடனே திருப்பிக் கேட்பார். அந்த ‘ஐ’ செய்கிற வேலையைத்தான் ‘த பு‌க்’ என்பதில் ‘த’ செய்கிறது. வகுப்பில் இதைச் சோதித்துப் பார்த்தேன். ‘கடிதத்தை எழுதிட்டேன்’ என்றேன். நாலு பேர் ஒரே குரலில் ‘எந்தக் கடிதம்?’ என்றார்கள். ‘பார்த்தீர்களா, நான் த லெட்டர் என்று சொல்லிவிட்டேன்’ என்றேன்.

இதற்கு எல்லை உண்டு, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆளைச் சொல்லும்போது தமிழில் அநேகமாக எப்போதும் ‘ஐ’ வந்துவிடும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. எழுவாயாக வரும் சொல்லுக்கும் உதவாது. ‘த சன்’ எல்லாம் தனிப் பாடம். ஆனாலும் ‘தெரிந்தது, தெரியாதது’ என்ற உணர்வு உள்ளே ஏற்கெனவே இருக்கிறது என்று காட்ட இந்த ஒரு ‘ஐ’ போதும். மீதியைப் படித்துப் படித்துத்தான் பழக வேண்டும். ‘எ’, ‘த’ இரண்டையும் பத்து விதியில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சின்ஸ், ஃபார் குழப்பம் இதைவிடச் சுலபமாகத் தீர்ந்தது. ‘மூன்று வருஷமாக’ என்றால் ஃபார், ‘2019-இலிருந்து’ என்றால் சின்ஸ். ‘ஆக’வுக்கு ஒன்று, ‘இருந்து’க்கு ஒன்று. பை, அன்டில் இரண்டுக்கும் அகராதியில் ‘வரை’ என்று போட்டுக் குழப்புகிறார்கள். அஞ்சு மணிக்குள் முடி என்றால் பை, அஞ்சு மணி வரை இரு என்றால் அன்டில். ‘உள்’ எங்கே, ‘வரை’ எங்கே என்று தமிழ் தெரிந்த யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சின்ஸ், ஃபார் இரண்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று வருஷமாக வேலை ‘செய்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால், ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர்’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் பழையதும் இப்போதும் சேர்ந்தால் ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’. இந்த இடத்தில் தமிழ் உதவாது, தடுக்கும். உதவுகிற இடத்தில் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, தடுக்கிற இடம் வரும்போது விட்டுவிட வேண்டும். எந்த இடம் எது என்பது சொல்லிக்கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. எனக்குப் பெரும்பாலும் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

நான் ரொம்ப மாட்டிக்கொண்டது மரியாதையில். வகுப்பில் ஒருவர், சுபாவத்தில் அவ்வளவு பணிவானவர். புதிதாக வேறொரு நாட்டுக் குழுவோடு வேலை. இவர் அனுப்பும் செய்திகள் எல்லாம் அதிகாரம் செய்வது போல இருப்பதாக அங்கிருந்து புகார். மனம் உடைந்து காட்டினார். ‘செண்ட் மீ த ஃபைல்.’ ‘டெல் மீ த ரீசன்.’ ‘செக் அண்ட் ரிப்ளை.’ அவர் மனதில் ஓடியது ‘அனுப்புங்க, சொல்லுங்க, பார்த்துட்டு பதில் போடுங்க’. மரியாதை முழுவதையும் நாம் வினையின் வாலில் ‘ங்க’ என்று கட்டி வைத்திருக்கிறோம். ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. மொழிபெயர்க்கும்போது வால் அறுந்து கட்டளை மட்டும் போய்ச் சேர்கிறது.

சரி, ப்ளீஸ் போட்டால் போதாதா என்று கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், ப்ளீஸ் என்றால் தயவுசெய்து என்று. ‘ப்ளீஸ் செண்ட் மீ த ஃபைல்’ என்பதும் கட்டளைதான், கொஞ்சம் எண்ணெய் தடவிய கட்டளை. ஆங்கிலத்தில் மரியாதை வாக்கியத்தின் தலையில் உட்காரும்: ‘குட் யூ செண்ட் மீ த ஃபைல்?’ வேண்டுகோளாக வரும் ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் ஒரு ‘குட் யூ’ வையுங்கள், கேள்வியாக்கிவிடுங்கள், மறுக்க இடம் கொடுப்பதுதான் அங்கே பணிவு என்றேன். இரண்டு வாரம் கழித்து, புகார் நின்றுவிட்டது என்றார். அவர் குணத்தில் எதுவும் மாறவில்லை, ‘ங்க’ வாலிலிருந்து தலைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

தொலைபேசியை எடுத்ததும் ‘டெல் மீ’ என்பதும் இதே குடும்பம். நம் ‘சொல்லுங்க’ எவ்வளவு இதமான வார்த்தை! ‘உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன்’ என்கிற தொனி அதில் உண்டு. ‘டெல் மீ’யில் அது ஒரு துளி கிடையாது, விசாரணை அதிகாரி மாதிரி இருக்கும்.

அப்புறம், தமிழுக்குள் குடிவந்து குணம் மாறிப்போன ஆங்கிலச் சொற்கள். இவைதான் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம், ரொம்ப ஆபத்தானதும்கூட. தெரியாத சொல்லை யாரும் அகராதியில் பார்ப்பார்கள். ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிற சொல்லை யார் பார்ப்பார்கள்? திட்டம் ரத்தாகி வருத்தத்தில் இருந்த வெளிநாட்டு சக ஊழியருக்கு என் மாணவர் ஒருவர் ஆறுதல் சொன்னாராம்: ‘டோன்ட் ஃபீல்.’ அவர் குழம்பிப்போய் ‘டோன்ட் ஃபீல் வாட்?’ என்று கேட்டிருக்கிறார். தமிழில் ‘ஃபீல் பண்ணாதே’ என்றால் வருத்தப்படாதே. ஆங்கிலத்தில் ஃபீல் காலிப் பாத்திரம், எதை உணர்கிறோம் என்று உள்ளே போட்டாக வேண்டும். ‘டோன்ட் ஃபீல் பேட்’ என்றால்தான் ஆறுதல். டென்ஷனும் அப்படித்தான். ‘ஐ ஆம் இன் டென்ஷன்’ என்று நாம் சொல்வது அங்கே ‘ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ட்’ அல்லது ‘ஐ ஆம் வொரீட்’.

டவுட் கதை கொஞ்சம் வேறு. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று நாம் கேள்வி கேட்கத்தான் கை தூக்குகிறோம். வேறு நாட்டவர் காதில் அது ‘இது சரிவரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை’ என்று விழக்கூடும். அதனால் ‘ஐ ஹேவ் எ கொஸ்சன்’ என்று பழகச் சொல்கிறேன். ஆனால் நமக்குள் பேசும்போது டவுட் தப்பு என்று நான் திருத்துவதில்லை. இந்திய ஆங்கிலம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. போஸ்ட்போனுக்கு எதிர்ப்பதமாக இங்கே எல்லோரும் சொல்லும் ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம் பிடித்துவிட்டது. எவ்வளவு கச்சிதமான சொல் அது! நம் கட்டுமரத்தை ‘கட்டமரான்’ ஆக்கி எடுத்துக்கொண்ட மொழிதானே, இதையும் எடுத்துக்கொள்ளட்டும். சரியா தப்பா என்பதைவிட, யார் காதில் விழப்போகிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

சாரி என்ற சொல்லை நான் விளக்கிய விதத்துக்காக இன்றும் எனக்கு உறுத்தல் உண்டு. சாரி என்றால் மன்னிப்பு, அதோடு விட்டுவிட்டேன். வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணின் அப்பா இறந்துபோனார். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று வெளிநாட்டு மேலாளர் ‘ஐ ஆம் ஸோ சாரி’ என்றிருக்கிறார். இவள் பதறி, ‘நோ நோ, இட் இஸ் நாட் யுவர் மிஸ்டேக்’ என்றாளாம். அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. சாரியில் முதலில் இருப்பது வருத்தம். அந்த வருத்தத்துக்கு நாம் காரணமாக இருந்தால்தான் அது மன்னிப்பாகிறது. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த இடத்தில் ‘தேங்க் யூ’ என்றாலே போதும் என்றும் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு எந்தச் சொல்லையும் தனியாக, ‘இது என்றால் இது’ என்று விளக்குவதை விட்டுவிட்டேன். எனக்கு வழி காட்டியது ஒரு அகராதி. 1987-இல் ஜான் சின்க்ளேர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி தொகுத்த ‘கோபில்ட்’ அகராதியில் விளக்கமெல்லாம் முழு வாக்கியமாக இருக்கும். ‘நீங்கள் ஒருவரை இப்படிச் செய்தால்…’ என்று ஆரம்பித்து, சொல் யாரோடு வரும், எந்தச் சூழலில் வரும் என்பதை விளக்கத்துக்குள்ளேயே காட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் ‘எப்போது, யாரிடம் சொல்வோம்’ என்று ஆரம்பிக்கப் பழகினேன். இன்னொரு கட்டுப்பாட்டை 1978-இல் வந்த லாங்மேன் அகராதியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஏறத்தாழ 2,000 எளிய சொற்களை வைத்தே மற்ற எல்லாச் சொல்லுக்கும் அதில் பொருள் எழுதியிருப்பார்கள். விளக்கம், விளக்கப்படும் சொல்லைவிடக் கடினமாக இருக்கக்கூடாது. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது, செய்து பார்த்தால்தான் தெரியும். ‘அவாய்ட்’ என்பதற்கு ‘தவிர்த்தல்’ என்று சொல்லி, தவிர்த்தல் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்க வைத்தவள் நான்.

எதிர்ச்சொற்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதையும் நிறுத்தினேன். பாரோ (இரவல் வாங்குவது), லெண்ட் (இரவல் கொடுப்பது) இரண்டையும் ஒரே நாளில் ஜோடியாகச் சொன்னால் நினைவில் நிற்கும் என்று நினைத்தேன். ஜோடியாகத்தான் நின்றது, எது எது என்பது மட்டும் நிற்கவில்லை. இப்போது ‘கேன் ஐ பாரோ யுவர் பென்?’ என்பதை மட்டும் ஒரு வாரம் புழங்க விடுகிறேன். வகுப்பில் பேனாவே கொண்டுவராதவர்களுக்கு இது வசதி. அது வாயில் ஊறிய பிறகுதான் லெண்ட்.

கெட் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்வதே இல்லை. வேலை கிடைத்தது, களைத்துப்போனேன், வீடு போய்ச் சேர்ந்தேன் என்று மூன்று தமிழ் வாக்கியம் கொடுத்து, மூன்றிலும் கெட்டின் இறந்தகாலமான ‘காட்’டைப் பொருத்திப் பார்க்கச் சொல்வேன். மீதியை அவர்களே பொறுக்கிக்கொள்வார்கள்.

‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியையும் விட்டாயிற்று. அதற்குப் பெரியவர்கள் யாரும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். அதற்குப் பதிலாக, புரிந்தவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றைக் கேட்கிறேன். ‘ஐ யூஸ்ட் டு வொர்க் நைட் ஷிஃப்ட்’ என்று எழுதிவிட்டு, ‘இவர் இப்போது ராத்திரி வீட்டில் தூங்குகிறாரா?’ என்பேன். பாதிப் பேர் ஆமாம், பாதிப் பேர் இல்லை. இல்லை என்றவர்கள் இதை ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்’ என்பதோடு குழப்பிக்கொண்டவர்கள். முதலாவது, ‘அப்போதெல்லாம் நைட் ஷிஃப்ட் பார்ப்பேன்’. இரண்டாவது, ‘எனக்கு நைட் ஷிஃப்ட் பழகிப்போச்சு’. மறுபடியும் பாருங்கள், ஒன்றில் நான், இன்னொன்றில் எனக்கு.

போன மாதம் ஒரு நாள் இணைய வழி வகுப்பு. நான் இதே யூஸ்ட் டு விவகாரத்தை வளைத்து வளைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் அந்தக் கணக்காளர் அம்மா ஏதோ கேட்டார், இணைப்புச் சரியில்லை என்று நினைத்து ‘கேன் யூ ஹியர் மீ?’ என்றேன். ‘ஐ கேன் ஹியர் யூ மேடம்,’ என்றார், ‘பட் யூ ஆர் நாட் லிசனிங்.’ வகுப்பே சிரித்தது. நிஜம்தான், அவர் மூன்று தடவை கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டது ‘இன்னும்’ பற்றி. மழை இன்னும் பெய்கிறது, அவன் இன்னும் வரவில்லை, இன்னும் ஒன்று கொடு, இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லா? மூன்று சொல் என்றேன். ஸ்டில், யெட், மோர். நடந்துகொண்டே இருந்தால் ஸ்டில், ‘இல்லை’ வந்தால் யெட், எண்ணிக்கை கூடினால் மோர். எழுதிக்கொண்டார். அப்புறம் பேனாவை நிறுத்திவிட்டு, ‘ஆனா மேடம், எங்க மேலாளர் ஹி ஸ்டில் ஹேஸ்ன்ட் ரிப்ளைட் என்கிறாரே, அதில் இல்லை வந்தும் யெட் வரலையே’ என்றார்.

‘அதை அவர் எப்படிச் சொன்னார்? முகத்தைக் கவனித்தீர்களா?’

கொஞ்சம் யோசித்தார். ‘கோபமாத்தான் இருந்தார். எத்தனை தடவை கேட்டாச்சு, இன்னும்ம்ம் பதில் போடலையே என்கிற மாதிரி.’

நான் விளக்க வாயைத் திறப்பதற்குள், நோட்டில் ஸ்டில்லுக்குப் பக்கத்தில் அவரே எழுதிவிட்டார்: நாலு ‘ம்’ போட்டு ஓர் இன்னும்.